மலை இல்லாத கியோட்டோ

கியோட்டோவுக்குப் போவது என்று முடிவான அன்று என் மனைவி ஒரு கேலி பேசினாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. நாம சூரியன் உதிக்கிற நாட்டுக்கே போறோம் பாருங்க" என்றாள். கண் மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கேலி பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசுவாள்.

அவளுக்கு வந்திருந்தது, விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டே வரும் நோய். டாக்டர் முதலில் கேட்டது கண்ணைப் பற்றி அல்ல. "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். என் மாமனார் என் மாமியாருக்குத் தாய்மாமன். அதைச் சொன்னதும், எதிர்பார்த்த விடை வந்துவிட்ட மாதிரி அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் இவள் தடுமாறுவாளாம். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கீரையையும் ஈரலையும் தின்றுகொண்டே நோய் உள்ளே வளர்ந்திருக்கிறது. ஐம்பது வயதில், அலுவலகத்துக் கண்ணாடிக் கதவில் நெற்றி புடைக்க முட்டிக்கொண்ட பிறகுதான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஓரப்பார்வை போய்க்கொண்டே இருக்கும், நடுப்பார்வை ரொம்ப காலம் நிற்கும், சிலருக்குக் கடைசிவரைகூட நிற்கும் என்றார். பார்க்க வேண்டியதையெல்லாம் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் காதில் விழுந்தது என்னவோ அதுதான்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. "நல்லவேளை, இது நம்மோட போயிடும்" என்றும் அதே ஆட்டோவில் சொன்னாள். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக எந்தக் கோயிலையும் பாக்கி வைக்காமல் சுற்றி அழுதவள், அன்றைக்கு அதற்காகவே கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

ஏன் கியோட்டோ என்று கேட்டவர்கள் உண்டு. திருப்பதி இல்லையா, காசி இல்லையா, போகாத ஊர் எத்தனை இருக்கிறது என்றார்கள். என் மனைவி நாவலூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். வாரத்துக்கு ஒரு நாள் கியோட்டோவில் இருந்த வாடிக்கையாளர் அலுவலகத்தோடு வீடியோவில் பேச வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிற அம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய ஒரு மேப்பிள் மரம். சித்திரையில் இளம்பச்சையாகத் துளிர்க்கும். நவம்பர் மாதம் ஒரே வாரத்தில் குப்பென்று சிவந்துவிடும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுப் பெண் வயதுக்கு வந்துவிட்ட சேதியைச் சொல்வது போல, "மரம் செவந்துடுச்சு" என்பாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் விலைப்பட்டியல் பற்றியும் வரி பற்றியும்தான். மரத்தைப் பற்றி அந்த அம்மாளிடம் இவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்ததாம்.

தாம்பரத்தில் மரங்கள் சிவப்பதில்லை. தூசி படிந்து பழுப்பாகும், மழை பெய்தால் பச்சையாகும், மெட்ரோ வேலை, பாலம் வேலை என்று யாராவது வந்தால் காணாமல் போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊர் முழுக்கச் சிவந்து கிடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். நவம்பருக்கு அப்போது ஏழெட்டு மாதம் இருந்தது.

திட்டம் போடுவது என் பொறுப்பு. நான் மேனிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன். பாடத்திட்டம் எழுதி எழுதிக் கை அதற்கே பழகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் காலை எத்தனை மணிக்கு எங்கே, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு எந்த வண்டி, அது தவறினால் அதற்கடுத்தது எது என்று எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது. கியோட்டோவுக்கு நான் போட்ட முதல் திட்டத்தைப் படித்துவிட்டு, "இது டூரா டைம்டேபிளா? நடுவுல மணி அடிப்பீங்களா?" என்று கேட்டாள். அப்போது அவளால் படிக்க முடிந்தது. எழுத்தைப் பெரிதாக்கி, முகத்தை மானிட்டருக்கு நேராக வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள்.

யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அங்கே ஒருவன் "ஹாய் மக்களே" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, கோயிலை அரை நிமிடமும் தான் நூடுல்ஸ் உறிஞ்சுவதை அரை மணியும் காட்டுவான். அவனைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். அந்த அரை நிமிடங்களைச் சேர்த்துத்தான் ஊரைத் தெரிந்துகொண்டேன். குளத்தோரத்தில் தங்கத் தகடு போர்த்திய கோயில், மூங்கில் காடு, மலை உச்சிவரை வரிசையாக நிற்கும் சிவப்பு வாசல்கள். அவள் தன் பங்குக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எத்தனை டப்பா என்று முடிவு செய்தாள். குட்டி குக்கரைத் தூக்கிப் பார்த்து, இது பெட்டியில் போகும் என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம். நோய் வந்த வீட்டில் இப்படிச் சிரிக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆவணியில் அப்பா போய்விட்டார். எங்களோடுதான் இருந்தார். காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தொண்ணூறை நெருங்கிய வயது. கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் சொன்னார்கள். டிக்கெட் அந்த வாரம்தான் போடுவதாக இருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அந்தக் கதை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலையெல்லாம் எடுத்தான பிறகு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அக்கா குரோம்பேட்டையில் இருக்கிறாள். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அம்மா தவறிவிட்டதால் என்னை வளர்த்ததில் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு. நான் மூத்த மகன், கொள்ளி வைத்தவன், தலைத்திவசம் முடிகிற வரைக்கும் மலை ஏறக்கூடாது என்று ஞாபகப்படுத்தினாள். எங்களுக்கு அது தெரிந்ததுதான். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருநீர்மலை போகிறவர்கள் நாங்கள். அந்த வருடம் போகப்போவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டிருந்தோம். அக்கா தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். "நீ போற ஊர்ல மலைக்கோயில் இருக்காடா?"

அவளைப் பார்த்து எரிந்து விழுந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டவிதம் அப்படி இல்லை. எப்படியாவது இரண்டையும் சேர்த்து முடித்துவிட முடியுமா என்று அவளும் வழி தேடிக்கொண்டிருந்தாள். மலை இல்லாமல் போய்விட்டு வாயேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். மேடு என்று இருக்கிறதையெல்லாம் திட்டத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். சிவப்பு வாசல்கள் போயின. பெரிய மரத்தூண்கள்மேல் நிற்கும் கோயில் போயிற்று. மூங்கில் காட்டுக்கு அப்பால் இருக்கிற குன்று போயிற்று. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர், இலை நன்றாகச் சிவப்பதும் மலைச்சரிவில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் மிஞ்சியது ரயில் நிலையமும் ஒரு மீன் கடைத்தெருவும், தங்கக் கோயிலும். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "வேணாங்க. அடுத்த வருஷம் போலாம்" என்றாள்.

நான் விடவில்லை. நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, டாக்டரைக் கேட்கலாம், அக்காவே சரி என்கிறாள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"உங்க அப்பா செத்த வருஷமே ஊர் சுத்தப் போனோம்னு வைங்க. நாளைக்கு என் கண்ணு மொத்தமாப் போனா, அதனாலதான் போச்சும்பாங்க. நோவுல போச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கண்ணு போனாலும் போவட்டும், அந்தப் பேச்சு எனக்கு வேணாம்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பிள்ளை இல்லாதவளாக இத்தனை காலம் ஊர் வாயில் விழுந்து எழுந்தவள் அவள். அவளிடம் நான் என்ன வாதம் செய்ய? நடுப்பார்வை ரொம்ப காலம் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒரு வருடம்தானே என்று அக்கா சொன்னாள். ஒரு வருடம்தானே என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு வருடத்தில் அவள் வேலையை விட்டாள். தனியாக வெளியே போவதையும் விட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காபி குடித்தபின், விளக்கு வைத்த கையோடு இரண்டு பேரும் கூடத்தில் உட்காருவோம். மடிக்கணினி என் மடியில். அடுத்த நவம்பருக்கான திட்டம் பூரணமாக, மலைகளோடு, முதலிலிருந்து தொடங்கியது. படம் படமாக எடுத்துக் காட்டுவேன். "அழகா இருக்கு" என்பாள். "இந்தச் செவப்பு ஒரு மாதிரி நல்லா இருக்கு" என்பாள். தங்குவதற்கு இரண்டு விடுதிகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் ரெண்டாவது என்பாள். காலையில் தங்கக் கோயிலா, மூங்கில் காடா என்றால் மூங்கில் காடு என்பாள். எனக்குப் பிடித்ததே அவளுக்கும் பிடித்தது. கல்யாணமான புதிதில் ஒரு புடவை எடுப்பதற்குள் எங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டையாகிவிடும். வயதாக வயதாக ரசனை ஒன்றாகிவிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வீட்டுக்குள் அவள் நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அது அவள் வீடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். டிவி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள், கண் வலிக்கிறது என்றாள். போனில் வருகிற வீடியோவைக்கூடக் காதில் வைத்தே கேட்டாள். எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போக வேண்டியதை, திவசம் முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே தள்ளிப்போட்டாள்.

ஆவணி திரும்பி வந்தது. தலைத்திவசம் குறையில்லாமல் நடந்தது. அக்கா கிளம்பும்போது எங்கள் இருவர் நெற்றியிலும் விபூதி பூசி, இனிமேல் எந்த மலை வேண்டுமானாலும் ஏறலாம் என்றாள். அவள் கண்கலங்கி நின்றாள். எங்களைத் தடுத்துவிட்டோமே என்று அவளுக்கும் ஒரு வருடமாக மனசு கேட்கவில்லை போல. அடுத்த சனிக்கிழமை விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போனோம்.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் போட்டோவெல்லாம் எங்களுக்கு அங்கேதான். நான் முதலில் உட்கார்ந்தேன், ஒரே தடவையில் முடிந்தது. பிறகு அவளைக் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் பட்டுப்புடவையில் நன்றாக இருந்தாள். விசா போட்டோவுக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று காலையில் ஒரு சண்டை போட்டிருந்தேன்.

போட்டோக்காரர் கேமராவைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். அவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, மறுபடியும் சொன்னார். அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாள், தப்பான பக்கம். பக்கவாட்டில் குடை விரித்து வைத்திருந்த பெரிய விளக்கையே பார்த்துக்கொண்டு, படம் எடுப்பதற்குத் தோதாகச் சிரித்தாள்.

"இன்னாம்மா, லைட்டையே பாத்துகினு இருக்கீங்க. என்னப் பாருங்க" என்றார் போட்டோக்காரர். கடுமையாகச் சொல்லவில்லை. அவர் குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள். அதற்குள் அவர் கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார். அவர் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு அவள் அதே சிரிப்போடு இருந்தாள். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பிடித்துக்கொள்ள எதையோ தேடினேன். போட்டோக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அருகில் போய், "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அவள் தாடையை இரண்டு விரலால் தொட்டு நேராக்கிவிட்டு, ஓடிவந்து படம் எடுத்தார்.

படம் பிரிண்ட் ஆகும்வரை பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மார்கழி பிறந்ததும் நடுவிலும் பனி மூடின மாதிரி ஆரம்பித்ததாம். பங்குனிக்குள் எழுத்து போயிற்று, பிறகு முகங்கள். இப்போது வெளிச்சம் தெரியும், எதிரில் ஆள் நிற்பது தெரியும், அவ்வளவுதான் என்றாள். மார்கழியில் என்றால், போக இருந்த அந்த முதல் நவம்பரில் அவளுக்கு நடுக்கண் நன்றாக இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை நான் போட்டேன். அவளும் எப்போதோ போட்டிருப்பாள். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தப் படங்கள், விடுதிகள், ரெண்டாவது ரெண்டாவது என்றாயே என்று கேட்டேன். "உங்களுக்குப் பிடிச்சத எப்பவும் கடைசிலதானே சொல்லுவீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடையில் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். ஏன் சொல்லவில்லை, யாருக்காக இந்த நாடகம், உடனே சொல்லியிருந்தால் ஒரு சொட்டுமருந்தாவது போட்டிருக்கலாமே என்றேன். அவள் சப்போட்டா ஜூஸ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. சத்தம் ஓய்ந்தபிறகுதான் பேசினாள்.

"டாக்டர் சொன்ன நாள்லேருந்து எல்லாரும் என்கிட்ட ஒரு குரல்லதான் பேசறாங்க. எங்க அண்ணன், உங்க அக்கா, ஆபீஸ்ல இருந்தவங்க. நீங்களும்தான். சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட எழவு வீட்ல கேக்கற மாதிரி கேப்பீங்க. சாயந்திரம் அந்தப் பிளானத் தொறந்தீங்கன்னா மட்டும் பழைய ஆளா ஆயிடுவீங்க. அந்த பஸ் சரியில்ல, இந்த ஓட்டல்காரன் திருடன்னு கத்துவீங்க. அந்த ஒரு மணி நேரம்தான் நீங்க என்கிட்ட பாவப்பட்டுப் பேசாம இருந்தீங்க. சொல்லியிருந்தா அதுவும் போயிருக்கும்."

போட்டோக்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். விழித்திரை நடுவில் நீர் கோத்து வீங்கிப் பிறகு வற்றியிருக்கிறது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். முன்பே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், கேட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கதவுப் பக்கம் நான்தான் திருப்பிவிட்டேன்.

அன்று சாயந்திரம் விளக்கு வைத்ததும் அவள் வழக்கம்போல் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். காத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. நான் மடிக்கணினியைத் திறந்தேன். இதையாவது செய்யலாம், இதற்குக் கண் வேண்டாமே என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் நாள் காலையை வாசிக்க ஆரம்பித்தேன். மூங்கில் காட்டுக்குப் போகிற பஸ்ஸைத் திட்ட வேண்டிய இடம் வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் எனக்குத் தன்னால் கோபம் வரும். அன்றைக்கு அந்த பஸ்மேல் கோபத்தை வரவழைத்துக்கொண்டு ஏதோ சொன்னேன். எனக்கே அது ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் பேச்சாகக் கேட்டது.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். நான் நான்காம் நாளுக்குப் போனேன். விடுதிக்காரனைத் திருடன் என்றேன். அந்த வார்த்தையும் எடுபடவில்லை.

"மூடிடுங்க" என்றாள்.

இப்போது அந்த நேரத்துக்கு டிவியைப் போட்டுவிடுகிறேன். செய்தி வாசிக்கிற பெண் வெள்ளம், விலைவாசி, தேர்தல் எல்லாவற்றையும் ஒரே குரலில் படிக்கிறாள். என் மனைவி அந்தக் குரல் வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, முடிகிறவரை எழுந்திருக்காமல் கேட்கிறாள். நடுவில் நான் ஏதாவது பேச வாயெடுத்தால், சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள்.